நோய்ப் படுக்கையில் தூரிகை

ஓவியம் தீட்டுவதில் மனிதர் அடையும் மகிழ்ச்சி மிகப் பழையது. அந்த மகிழ்ச்சியால் நோயாளிக்கு நன்மை உண்டு என்று மருத்துவமனைகள் ஏற்கத் தொடங்கி இன்னும் இருநூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அந்த ஏற்பு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததும் அல்ல. படுக்கையில் கிடந்த ஓர் ஓவியர், பேசாமல் உடனிருக்கத் தெரிந்த இன்னோர் ஓவியர், மின்அதிர்ச்சி கொடுக்க மறுத்த ஒரு மருத்துவர் என்று சிலருடைய பிடிவாதம்தான் அதைக் கொண்டுவந்தது. காரணம் காட்டும் ஆய்வுகள் வெகுகாலம் கழித்தே வந்தன.

இதற்கெல்லாம் முன்பாக வண்ணம் எல்லோர் கைக்கும் எட்ட வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஐரோப்பாவில் வண்ணம் என்பது ஓவியப் பட்டறையின் சரக்கு. கனிமங்களைக் கல்லில் அரைத்து எண்ணெயிலோ பிசினிலோ குழைப்பதற்கே ஓர் ஆள் தேவைப்பட்டார். குழைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்து, தேவைப்படும்போது ஊசியால் குத்திப் பிதுக்கினார்கள். 1780களில் லண்டனில் வில்லியம் ரீவ்ஸ் காய்ந்த நீர்வண்ண வில்லைகளை விற்கத் தொடங்கினார். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கினால் நசுங்கும் தகரக் குழாய்க்கு உரிமம் பெற்றார். ஒரு சிறு பெட்டியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருந்தால் எவரும் வரையலாம் என்ற நிலை அதன் பிறகே வந்தது. வாங்க ஆளில்லாத, விற்கும் எண்ணமும் இல்லாத படங்களைத் தம் மனநிறைவுக்காகத் தீட்டும் பழக்கம் வீடுகளில் பரவியது. மனநோய் விடுதிகளுக்குள்ளும் அது நுழைந்தது.

ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் கிரைட்டன் மனநோய் விடுதியை 1838 முதல் நடத்திய டபிள்யூ. ஏ. எஃப். பிரவுன், நோயாளிகளைக் கட்டிப்போடுவதற்குப் பதிலாக இசையிலும் நாடகத்திலும் ஓவியத்திலும் ஈடுபடுத்தினார். அவர்கள் வரைந்தவற்றைச் சேர்த்தும் வைத்தார். லண்டனின் பெத்லெம் மருத்துவமனையில் நடந்தது இன்னும் வியப்பானது. ரிச்சர்ட் டாட் என்ற இளம் ஓவியர் 1843இல் மனநோயின் பிடியில் தம் தந்தையைக் கொன்றுவிட்டு, மறு ஆண்டு அங்கே அடைக்கப்பட்டார். 1850களில் பொறுப்பேற்ற மருத்துவர் சார்ல்ஸ் ஹூட் அவருக்கு வண்ணமும் வேலை செய்ய இடமும் கிடைக்கச் செய்தார். இரண்டடி உயரம்கூட இல்லாத ஒரே ஓவியத்தின் மீது, குட்டித் தேவதைகளும் புல்லிதழ்களும் நெருங்கிக் கிடக்கும் அந்தப் பரப்பின் மீது, டாட் 1855 முதல் 1864 வரை உழைத்தார். அது அவரைக் குணமாக்கவில்லை. 1886இல் இறக்கும்வரை காவலில்தான் இருந்தார். ஆனால் வெளியேறவே முடியாத ஒரு மனிதருக்கு ஒவ்வொரு காலையிலும் எழுந்து செய்ய ஒரு வேலை இருந்தது. இந்த வரலாறு முழுவதும் ஓவியம் கொடுத்தது பெரும்பாலும் இதைத்தான். இதைச் சிறிதென்று எண்ணுபவர்கள் நீண்ட நோயை அறியாதவர்கள்.

ஆனாலும் மருத்துவ உலகம் இப்படங்களை நோயின் அடையாளங்களாகவே பார்த்துவந்தது. அந்தப் பார்வையை அசைத்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பிரின்ஸ்ஹோர்ன். கலை வரலாறு படித்துவிட்டு மருத்துவரானவர் அவர். 1919இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்து, பல விடுதிகளுக்குக் கடிதம் எழுதி, ஏறக்குறைய 450 நோயாளிகளின் 5,000 படைப்புகளைத் திரட்டினார். 1922இல் வெளிவந்த அவருடைய நூல், உருவம் படைக்கும் உந்துதல் எல்லா மனிதர்களிடமும் உண்டு, நோய் அதை அழிப்பதில்லை என்று வாதிட்டது. ஓவியர்கள் பால் கிளேயும் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டும் அதை ஆவலோடு படித்தார்கள். நாஜிகள் அதே படங்களை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் ஊர் ஊராகக் கொண்டுபோன கண்காட்சியில், நவீன ஓவியங்களுக்குப் பக்கத்தில் அவற்றை மாட்டி இரண்டையும் இழிவுபடுத்தினார்கள். 1940, 41இல் நச்சுவாயுவால் கொல்லப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் அந்தத் தொகுப்பின் ஓவியர்கள் சிலரும் இருந்தார்கள்.

வரைபவருடைய நலத்துக்காகவே வரைதல் என்ற எண்ணம் இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில், மிட்ஹர்ஸ்ட் ஊரை ஒட்டிய ஏழாம் எட்வர்ட் மன்னர் சானடோரியத்தில் உருவெடுத்தது. சானடோரியம் என்றால் சென்னைவாசிகளுக்கு மின்சார ரயில் நிற்கும் நிலையம் நினைவுக்கு வரும். அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்த தாம்பரம் காசநோய் மருத்துவமனையை 1928இல் நிறுவிய டாக்டர் சௌரி முத்து, முன்பு இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் சில காலம் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, சத்துள்ள உணவு, அசையாத ஓய்வு ஆகியவையே சிகிச்சை. மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், திறந்த தாழ்வாரத்துக் கட்டிலில் படுத்துக் கிடந்தார்கள். பிழைப்போமா என்று தெரியாமல், செய்வதற்கும் ஒன்றுமில்லாமல் கிடப்பது நோய்க்குமேல் ஒரு நோயாக இருந்தது.

1938இல் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்துக்கு நோயாளியாக வந்தவர் ஏட்ரியன் ஹில். முதல் உலகப் போரில் போர்முனைக் காட்சிகளை வரைந்த ஓவியர் அவர். எழுந்து நடக்க அனுமதி இல்லாததால், படுக்கைக்கு அருகில் கண்ணில் பட்டவற்றை எல்லாம் வரைய ஆரம்பித்தார். மனச்சோர்வு குறைவதை அவரே உணர்ந்தார். அடுத்த ஆண்டு அந்தச் சானடோரியத்தில் கைத்தொழில்வழிச் சிகிச்சை அறிமுகமானபோது மற்ற நோயாளிகளுக்கு ஓவியம் சொல்லித்தரும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து வந்த வீரர்களும் அவர்களுக்குப் பிறகு பொதுமக்களும் அவரிடம் கற்றார்கள். பென்சிலைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டவர்கள் பலர். அவர்கள் வீட்டுக் கொல்லையையும் கடற்கரையையும் நினைவிலிருந்து வரைந்தார்கள். சிலருடைய தாள்களில் போரின் பயங்கரம் வந்தது. வாயால் சொல்ல விரும்பாததைத் தாளில் வைக்கத் தயங்கவில்லை என்பதை ஹில் கவனித்தார்.

இந்த வேலைக்குக் கலைச் சிகிச்சை என்ற பெயரை 1942இல் அவரே வழக்குக்குக் கொண்டுவந்தார். 1945இல் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். வரையும்போது மனமும் விரல்களும் ஒருசேரப் பிடிபட்டுப்போகின்றன, அந்த நேரத்துக்கு நோயைப் பற்றிய கவலை நுழைய இடமிருப்பதில்லை என்பதே அதன் சாரம். காசநோயை ஓவியம் விரட்டிவிடும் என்று நம்புவதற்கு இதில் இடமில்லை. அதைச் செய்தது 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் அதன் பின் வந்த மருந்துகளும்தான். ஹில் பேசியது நோயாளியின் மனத்தைப் பற்றி. அதில் அவர் சொன்னது இன்றுவரை பொய்க்கவில்லை. புகழ்பெற்ற ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைச் சட்டமிட்டு வார்டுகளுக்கு இரவல் கொடுத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றும் திட்டம் ஒன்றையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு தொடங்கினார். 1950வாக்கில் அது பிரிட்டனில் ஏறக்குறைய இருநூறு மருத்துவமனைகளை எட்டியிருந்தது.

அந்தத் திட்டத்தின் வழியாக 1946இல் சர்ரே மாவட்டத்தின் நெதர்ன் மனநல மருத்துவமனைக்குப் படங்களோடு போனவர் ஓவியர் எட்வர்ட் ஆடம்சன். அங்கே ஒரு நோயாளி அவரிடம் சில கழிப்பறைத் தாள்களை நீட்டினார். எரிந்த தீக்குச்சிகளின் கரியால் அவற்றின் மீது மனித முகங்களும் விலங்குகளும் வரையப்பட்டிருந்தன. தாளும் பென்சிலும் மறுக்கப்பட்ட இடத்தில் ஒருவர் எப்படியாவது வரைந்திருக்கிறார் என்பதைப் பார்த்துவிட்ட ஆடம்சன் அங்கிருந்து போய்விடவில்லை. 1981இல் ஓய்வு பெறும்வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த மருத்துவமனையில் ஓவியக்கூடம் நடத்தினார்.

கண்காணிப்பாளர் எரிக் கன்னிங்ஹாம் டாக்ஸ் அவருக்கு விதித்த நிபந்தனைகள் விசித்திரமானவை. ஆடம்சன் கற்றுக்கொடுக்கக் கூடாது. இப்படி வரை என்று காட்டக் கூடாது. வரைந்ததற்கு உளவியல் பொருள் சொல்லவும் கூடாது. படங்கள் நோயைக் கண்டறியப் பயன்படும் என்பது டாக்ஸின் எதிர்பார்ப்பு. ஆய்வுக்காகப் போட்ட அந்தக் கட்டுப்பாடே நோயாளிகளுக்கு வரமாக அமைந்தது. ஒவ்வொருவருக்கும் தனி நாற்காலி, தனி ஓவியச் சட்டம், தனக்கென ஒரு மேசை இருந்தன. ஆயிரக்கணக்கானோர் அடைந்துகிடந்த ஒரு நிறுவனத்தில், சொந்த உடைகூட இல்லாத ஒருவருக்கு நாள்தோறும் அதே இடம் காத்திருந்தது என்பதன் பெறுமதி பெரிது. மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுக்கும் அறுவைச் சிகிச்சையும் மின்அதிர்ச்சியும் அதே வளாகத்தில் நடந்துகொண்டிருந்தன. ஓவியக்கூடத்தில் மட்டும் யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை. ஆடம்சன் வண்ணம் கலந்து கொடுத்தார், உடனிருந்தார், முடிந்த படத்தின் பின்புறம் பெயரையும் தேதியையும் எழுதிப் பத்திரப்படுத்தினார். அவ்வளவுதான். மருத்துவமனை 1994இல் மூடப்பட்டு, இடம் குடியிருப்பாக மாறிவிட்டது. எஞ்சிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளில் பெரும்பகுதி இப்போது லண்டனின் வெல்கம் நூலகத்தில் இருக்கிறது.

அதே 1946இல், இங்கிலாந்தில் நடப்பதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இன்னொரு ஓவியக்கூடம் திறந்தது. அதைத் திறந்தவர் நீஸே டா சில்வெய்ரா. பாஹியா மருத்துவக் கல்லூரியில் அவர் வகுப்பில் 157 பேர். அவர் ஒருவரே பெண். 1936இல் மார்க்சிய நூல்கள் வைத்திருந்ததற்காகக் கைதாகி ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 1944இல் அரசுப் பணிக்குத் திரும்பி எங்கென்யோ டி டென்ட்ரோ பகுதியின் மனநல மையத்தில் சேர்ந்தபோது, மின்அதிர்ச்சிக் கருவியின் பொத்தானை அழுத்தச் சொன்ன சக மருத்துவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். மற்ற புதிய சிகிச்சைகளுக்கும் அதே பதில். அடைபட்டிருந்து பழகிய ஒருவருக்கு அடைபட்டவர்களின் உடல்மீது வன்முறை செய்ய மனம் வராதது இயல்பே. அவருக்கு ஒதுக்கப்பட்டது எவரும் விரும்பாத ஒரு பிரிவு. நோயாளிகளைத் தரை கூட்டவும் துடைக்கவும் வைப்பதற்கே அங்கே கைத்தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர்.

நீஸே அங்கே தச்சுவேலை, தையல், புத்தகம் கட்டுதல் என்று பட்டறைகளைத் தொடங்கினார். அல்மீர் மாவின்யேர் என்ற இளம் ஓவியரின் உதவியோடு வந்த ஓவியப் பட்டறை மற்றவற்றை மிஞ்சியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அடைபட்டுக் கிடந்த, பேச்சே அற்றுப்போயிருந்த எமீஜியோ டி பாரோஸ் தூரிகையைத் தொட்டதும் ஒளி நிறைந்த நிலக்காட்சிகள் பிறந்தன. ஃபெர்னாண்டோ டினிஸின் கதை இன்னும் நெருடுவது. தையல் வேலை செய்த ஏழைத் தாயோடு பணக்கார வீடுகளுக்குப் போய்வந்து வளர்ந்தவர் அவர். முதலில் சிதறிய துணுக்குகளாக வரைந்தவர், படிப்படியாக நாற்காலி, விளக்கு, பியானோ, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கடைசியில் முழு வரவேற்பறைகளைத் தீட்டினார். தமக்கு ஒருபோதும் வாய்க்காத வீட்டை அவர் தாளில் கட்டிக்கொண்டார். மனம் சிதறிப்போனதாகச் சான்று எழுதப்பட்ட ஒருவரின் இடவுணர்வு கண்முன் கூடிவருவதை அந்தப் படங்களின் வரிசையில் காணலாம்.

வட்டவடிவக் கோலங்கள் பலருடைய தாள்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்ட நீஸே, 1954இல் அவற்றின் புகைப்படங்களை சுவிட்சர்லாந்திலிருந்த உளவியலாளர் கார்ல் யுங்குக்கு அனுப்பினார். சிதைந்த மனம் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள முயல்வதன் அடையாளம் என்று யுங் அவற்றைப் படித்தார். 1957இல் ஜூரிக்கில் நடந்த உலக மனநல மாநாட்டில் அந்தப் படைப்புகளின் கண்காட்சியையும் அவரே திறந்துவைத்தார். அதற்கு முன்பே, 1952இல், மருத்துவமனை வளாகத்திலேயே நனவிலி பிம்பங்களின் அருங்காட்சியகத்தை நீஸே நிறுவியிருந்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகளோடு அது இன்றும் இருக்கிறது. ஓவியப் பட்டறைகளும் அங்கே தொடர்ந்து நடக்கின்றன.

நோயில்லாதவர்களுக்கும் இதே தேவை எழும் இடங்கள் உண்டு. வியன்னாவில் பிறந்து, வைமார் நகரின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1942 டிசம்பரில் தெரெசீன் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உடன் எடுத்துப்போக அனுமதித்த சிறு சுமையில் ஓவியப் பொருள்களைச் சேர்த்துக்கொண்டார். பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் நெருக்கியடைக்கப்பட்டிருந்த குழந்தைகளுக்கு, அலுவலகக் கழிவுத்தாள்களின் பின்புறத்தில் வரையக் கற்றுக்கொடுத்தார். குழந்தைகளை ஓவியர்களாக்குவது அவருடைய நோக்கமல்ல. அவர்களுக்குள் மிஞ்சியிருந்த சுதந்திரத்தைக் காப்பாற்றுவதே நோக்கம். முகாம் ஆவணங்களில் வெறும் எண்களாகியிருந்த குழந்தைகள் படங்களில் தம் பெயரைக் கையெழுத்திட்டார்கள். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். அவரிடம் பயின்ற பிள்ளைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். அவர் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் இருந்த ஏறத்தாழ 4,500 படங்கள் போருக்குப் பிறகு பிராகின் யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

அவருடைய மாணவி ஈடித் கிராமர் 1938இலேயே நியூயார்க் போய்ச் சேர்ந்திருந்தார். தடுமாறும் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியில் ஓவியம் நடத்திய அவர், வரைவதே குணமாக்குகிறது என்றார். அதே நகரில் மார்கரெட் நாம்பர்க், படத்தைப் பற்றி நோயாளியும் மருத்துவரும் பேசும் பேச்சில்தான் பயன் இருக்கிறது என்று கருதினார். இந்தத் துறையின் நெடுங்கால விவாதம் இது. ஆழமான மனக்காயங்களுக்கு நாம்பர்க்கின் வழி தேவைப்படலாம். ஆனால் மிட்ஹர்ஸ்ட்டிலும் நெதர்னிலும் ரியோவிலும் கிடைத்த அனுபவம் கிராமரின் பக்கமே சாய்கிறது. பிரிட்டனில் 1964இலும் அமெரிக்காவில் 1969இலும் சங்கங்கள் அமைந்து கலைச் சிகிச்சை ஒரு தொழிலானது. 1997இல் பிரிட்டிஷ் அரசு அதற்குச் சட்டப்படி பதிவு வழங்கியது.

வரைவதே நோயாளிக்குத் துணை என்ற உண்மையை இந்தியாவில் நிறுவனம் எதுவுமின்றிக் காட்டியவர் மிதிலை ஓவியர் கங்கா தேவி. திருமண அறையின் சுவரில் பெண்கள் தீட்டும் மரபுக் கோலங்களில் தேர்ந்தவர். 1984இல் பத்மஸ்ரீ பெற்றவர். புற்றுநோய்க்கு டெல்லியில் சிகிச்சை பெற்றபோது மருத்துவமனையையே வரையலானார். கட்டிலும் மருத்துவர்களும் கருவிகளும், தாமரையும் மீனும் வரையும் அதே நுண்கோடுகளில் வரிசையாக வந்தன. 1991இல் அவர் இறந்தார்.

இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில், 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடிய ஓவியர் போல் ஹோகனும் யேசு சபைக் குருவான போல் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகள். சாவையும் இடப்பெயர்வையும் கண்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் பேருந்தில் வந்து ஒன்றாக வண்ணம் தீட்டினார்கள், களிமண்ணில் உருவம் செய்தார்கள், கதை கட்டினார்கள். நடந்ததைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தவில்லை. தயாரானபோது அது படத்திலோ கதையிலோ தானாக வந்தது.

வரைபவர் ஏன் மகிழ்கிறார் என்பதற்கான ஆராய்ச்சி 1960களில் சிகாகோவில் வேகம் பெற்றது. கலைப்பள்ளி மாணவர்களைக் கவனித்த உளவியலாளர் மிஹாய் சிக்ஸென்ட்மிஹாயி, வேலை ஓடும்போது பசியும் களைப்பும் மறந்து மூழ்கியிருப்பவர்கள், படம் முடிந்ததும் அதில் ஆர்வம் இழந்து அடுத்ததற்குப் போய்விடுவதைக் கண்டார். பரிசோ பணமோ அல்ல, செய்துகொண்டிருப்பதே இன்பம் என்ற அந்தக் கவனிப்பிலிருந்துதான் செயலில் கரைந்துபோகும் நிலை பற்றிய அவருடைய கோட்பாடு வளர்ந்தது. 2016இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் குழுவினரும் நடத்திய ஆய்வு உடலுக்குள் பார்த்தது. 39 பேர் 45 நிமிடங்கள் விருப்பம்போல வரைந்தும் களிமண் பிசைந்தும் ஏதேனும் செய்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த உமிழ்நீரில், மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான்; ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனம் கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது, இத்தகைய முடிவுகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவது தெரிந்தது.

அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1990களின் நடுவில், இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகர மருத்துவர்கள் மனச்சோர்வுள்ளவர்களுக்கு ஓவிய வகுப்பை மருந்துச் சீட்டுப்போல எழுதிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பிரிட்டனின் பல ஊர்களில் இன்று அது வழக்கமாகிவிட்டது. அந்தச் சீட்டோடு வருகிறவர்கள் தனித்துப்போன முதியவர்கள், நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்கள், வேலை இழந்தவர்கள். வாரம் ஒருமுறை சில மணி நேரம் கூடி அவரவருக்குத் தோன்றுவதைத் தீட்டுகிறார்கள். சொல்லித்தருபவர் பெரும்பாலும் ஓர் ஓவியராகவே இருக்கிறார்.